பெல் அடிக்காத பீரியடு

இடிதான். வேற என்ன, இடியாத்தான் இருக்கும். காலையில இருந்து மேக்க மூடிக்கிட்டுத்தானே கெடக்கு, ஐப்பசி பொறக்கப் போகுது, இடிக்காம என்ன செய்யும். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்துச்சு, அதனால என்ன, இடிக்கும்தான் அதிரும். சாக்பீஸ் ஒடிஞ்சு போச்சு, அது நான் அழுத்தி எழுதினதுல. போர்டுல 'ஹேவிங் ஃபினிஷ்ட்' வரைக்கும் எழுதியிருக்கேன், அதுக்கப்புறம் ஒரு வெள்ளைக் கோடு கோணலா இழுத்துக்கிட்டு ஓரம் வரைக்கும் போயிருக்கு, பிள்ளைங்க பாக்கறதுக்குள்ள அதை அழிக்கணும். ஒருத்தியும் பேசல. இடின்னா பேசுவாளுங்களே. கடைசி பெஞ்சுல ஒருத்தி வேணும்னே கத்துவா, பக்கத்துல இருக்கிறவ சிரிப்பா, நான் டஸ்டரை எடுத்து மேஜையில ரெண்டு தட்டு தட்டுவேன், அப்புறம் அடங்குவாளுங்க. இப்ப பேனா மூடி கீழ விழுந்து உருள்றது கேக்குது. இடி உருண்டுக்கிட்டே போகும். இது உருளல. ஒரே குத்து, அதுக்குப் பின்னால பொடுபொடுன்னு சின்னச் சின்னதா, அப்புறம் ஒண்ணுமில்ல. இந்த ஊர்ல பொறந்த பிள்ளைக்கு இதைச் சொல்லிக் குடுக்கணுமா. எனக்கும்தான் சொல்லணுமா. வருஷம் பூரா அதையே செஞ்சு, கலர் தாள் ஒட்டி, பெட்டியில அடைச்சு ஊரு உலகத்துக்கெல்லாம் அனுப்புறோம், ஆனா நம்ம பக்கத்துல கேட்டா மட்டும் அதோட பேரைச் சொல்ல மாட்டோம். சத்தம்னுதான் சொல்லுவோம். சத்தம் கேட்டுச்சா. எந்தப் பக்கம் சத்தம். மேக்குப் பக்கம். ஜன்னல் ஓரத்து பெஞ்சுல இருக்கிறவளுங்க நாலு பேரும் மேக்கப் பாக்கறாளுங்க, அவளுங்க முகத்துல எல்லாம் இருக்கு, நான் ஜன்னலைப் பாக்க மாட்டேன், பாக்கவே மாட்டேன், நான் போர்டைப் பாத்து நிக்கறேன்.

நடத்தணும். ஹெச்.எம். போட்ட ரூல் அப்படி. சத்தம் கேட்டா வாட்ச்மேன் கேட்டைப் பூட்டணும், பெல் அடிக்கக் கூடாது, எந்த டீச்சர் எந்த வகுப்புல நிக்கறாங்களோ அங்கயே நின்னு பாடம் நடத்திக்கிட்டே இருக்கணும், ஆபீஸுக்குப் பேரு வந்து சேர்ற வரைக்கும். முன்ன ஒரு தடவை சத்தம் கேட்டதும் பிள்ளைங்க மொத்தமும் ரோட்டுக்கு ஓடி, ஒரு பிள்ளை தண்ணி லாரிக்கு முன்னால விழுந்து கால் போச்சு. அவ அம்மாவுக்கு ஒண்ணுமே ஆகல, சத்தம் வேற எங்கயோ. அதுல இருந்து இந்த ரூல். நல்ல ரூல்தான், ஸ்டாஃப் மீட்டிங்ல முதல்ல தலையாட்டினவளே நான்தான். டீச்சர் முகம் மாறக் கூடாதுன்னு வேற சொன்னாங்க ஹெச்.எம். முகம் என்ன ஸ்விட்சா, அமுக்கி வைக்க. எங்க போன் எல்லாம் அவங்க பீரோவுக்குள்ள பூட்டிக் கெடக்கு. பேரு வந்ததும் ஆயா குருவம்மா வருவா. வாசல்ல நின்னு பிள்ளை பேரைச் சொல்லுவா. கூடவே ரெண்டுல ஒண்ணு சொல்லுவா. பையை வச்சிட்டு வான்னு சொன்னா பயமில்ல, சின்னக் காயம், இல்ல காயமே இல்ல, வீட்டுல இருந்து போன் வந்திருக்கும், பேசிட்டு வந்து உக்காரலாம். பையை எடுத்துட்டு வான்னு சொன்னா அவ்வளவுதான். இதை யாரும் உக்காந்து முடிவு பண்ணல. பச்சைப் பிள்ளை மூஞ்சியப் பாத்து அந்தச் சேதியைச் சொல்ல குருவம்மாவுக்கு வாய் வரல, பையை எடுத்துட்டு வான்னு மட்டும் வந்துச்சு, அதுவே வழக்கமாப் போச்சு. சாதாரண நாள்ல வயித்து வலின்னு வீட்டுக்குப் போற பிள்ளைகிட்டகூட இந்த ஸ்கூல்ல யாரும் பையை எடுன்னு சொல்றதில்ல. கெளம்பு தாயின்னு சொல்லுவோம்.

மேக்குப் பக்கம் ஒரு பயராபீஸா இருக்கு, எத்தனையோ இருக்கு. பட்டாசு செய்யற எடத்துக்கு ஆபீஸ்னு பேரு வச்சான் பாரு, என்னமோ ஃபேனுக்கடியில உக்காந்து கையெழுத்துப் போடற மாதிரி. அதுல ஒண்ணுல என் தங்கச்சி செல்வக்கனி இருக்கா. எனக்கு இருக்கறது அவ ஒருத்திதான், அவளுக்கும் நான் ஒருத்திதான், கட்டினவன் விட்டுட்டுப் போனதுல இருந்து பக்கத்து வீட்டுலயே இருக்கா, நடுவுல ஒரு செவுரு. ஃபேன்சி ரகப் பட்டாசுக்கு வெடிமருந்து செலுத்தற ரூம்ல வேலை. ஒரு ரூமுக்கு நாலு பேரு. அந்த நாலு பேருல இன்னொருத்தி எங்க தெரு வேலுத்தாய். ரெண்டு பேரும் ஒரே வேன்ல போயி, ஒரே சாக்குல உக்காந்து, ஒரே நேரத்துல மதியச் சோத்துத் தூக்குவாளியைத் திறந்து, ஒரே வேன்ல திரும்பி வருவாளுங்க, வேன் தெரு முக்குல திரும்பறதுக்கு முன்னாலயே ரெண்டு பேரு சிரிப்புச் சத்தமும் கேக்கும். அந்த வேலுத்தாய் மகதான் முனீஸ்வரி. இதோ, ரெண்டாவது பெஞ்சுல, ரெட்டைச் சடை, நெத்தியில சின்னதா விபூதி. மத்தவளுங்க எல்லாம் ஜன்னலைப் பாக்கறப்ப அவ மட்டும் என்னையப் பாக்கறா. பாக்காதடி. உங்கம்மாவும் என் தங்கச்சியும் ஒரே ரூம்னு உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும், இப்ப அதை நாம ரெண்டு பேரும் பாத்துக்கிட்டு நிக்கணுமா. புக்கைப் பாரு. இங்கிலீஷ் கிராமர் நடத்திக்கிட்டிருக்கேன்ல, போர்டைப் பாரு.

ஹேவிங் ஃபினிஷ்ட் தேர் ஒர்க், தி விமன் வென்ட் ஹோம். வேலையை முடிச்சிட்டு பொம்பளைங்க வீட்டுக்குப் போனாங்க. இதைத்தான் எழுத வந்தேன், வருஷா வருஷம் இதைத்தான் எழுதறேன், இன்னைக்கு அந்த விமன்கிட்ட கை வந்து மாட்டிக்கிச்சு. அழிச்சிட்டு பாய்ஸ்னு எழுதறேன். பாய்ஸும் வேண்டாம். பேர்ட்ஸ்னு எழுதறேன். பறவைக்கு என்ன வேலை இருக்கு முடிக்கறதுக்கு, அறிவு கெட்டவளே. சரி, இருக்கட்டும். இங்க பாருங்கம்மா, கமாவுக்கு முன்னால இருக்கே, இந்தத் துண்டுதான் வெர்பல் கிளாஸ், இதுக்குள்ள வினை இருக்கு, ஆனா எப்ப நடந்துச்சுன்னு இது மட்டும் தனியா நின்னு சொல்லாது, கமாவுக்குப் பின்னால மெயின் கிளாஸ் வந்தாத்தான் தெரியும். நம்ம தமிழ்ல வினையெச்சம்னு படிக்கறீங்கல்ல, வந்து, போய், முடித்து, அந்த மாதிரி. முடித்துன்னு சொல்லி நிறுத்தினா ஆச்சா, முடித்து என்ன செஞ்சான்னு கேக்கத் தோணுதுல்ல. என் குரல்தான் பேசுது. எங்க இருந்து இவ்வளவு தெளிவா வருதுன்னு எனக்கே தெரியல, தொண்டைக்குள்ள வேற ஒரு டீச்சரை உக்கார வச்ச மாதிரி. போன ஞாயித்துக்கிழமை உள்ளி உரிச்சுக்கிட்டு இருக்கறப்ப செல்வக்கனி கேட்டா, யக்கா, போயிட்டு வாரேன்னு இங்கிலீஷ்ல எப்படிச் சொல்லணும்? ஐ ஆம் கோயிங்னு சொல்லு. அது போறேன்னுல்ல, வாரேன் எங்க? வெள்ளைக்காரன் அப்படித்தான்டி சொல்லுவான், போறதோட சரி. அடப் பாவி, போறேன்னு சொல்லிட்டா வீட்டை விட்டுக் கெளம்புவான், அவன் ஆத்தா வாயிலயே ரெண்டு போட மாட்டாளா? சொல்லிட்டு உள்ளித் தோலைத் தலையில ஒட்டிக்கிட்டு அப்படிச் சிரிக்கறா. எருமைக்கு வந்த சந்தேகத்தைப் பாருன்னு நான் திட்டினேன். மெய்யாலுமே எனக்கு பதில் தெரியல, அதுக்குத்தான் திட்டினேன். அவ பன்னெண்டு வயசுல மருந்துல கை வச்சா, அந்தக் கை சம்பாத்தியத்துல நான் பி.எட். முடிச்சேன், கடைசியில அவ கேட்ட ஒரு கேள்விக்குச் சரியா ஒரு பதில் சொல்லத் துப்பில்ல எனக்கு.

தெனமும் வேன் ஏறப் போறப்ப என் அடுப்படி ஜன்னல்ல தட்டி, யக்கா போயிட்டு வாரேன்னு கத்துவா. நான் ஆமா ஆமான்னு சொல்லுவேன், சில நாள் அதுகூட சொல்ல மாட்டேன். இன்னைக்குத் தட்டினாளா? தட்டல. தட்டலன்னுதான் நினைக்கறேன். தட்டியிருந்தா ஞாபகம் இருக்குமே. அந்த நேரம் மிக்ஸி ஓடுச்சு, தேங்காச் சட்னிக்கு. மிக்ஸி ஓடினா பக்கத்துல பேசறதே கேக்காது, ஜன்னல் தட்டறது எங்க கேக்கும். மிக்ஸியை நிறுத்தின பிறகு கருவேப்பிலை தாளிச்சேன், கடுகு வெடிச்சுது, அப்பவும் கேக்கல. நிறுத்து. தட்டலன்னு வச்சுக்குவோம். தட்டலன்னா அவ வேலைக்குப் போகல. நேத்தே இடுப்பு வலிக்குதுன்னுதானே சொல்லிக்கிட்டு இருந்தா, லீவு போட்டுருவா, இந்நேரம் கட்டில்ல குப்புறக் கெடந்து போன் பாத்துக்கிட்டு இருப்பா கழுதை. அதோட நான் வாளியைப் பாத்தேன். ஆமா, பாத்தேன்! ஸ்கூலுக்குக் கெளம்பறப்ப அவ வீட்டு காம்பவுண்டு செவுத்து மேல சோத்து வாளி இருந்துச்சு. வேன் அந்தச் செவுத்துக்குப் பக்கத்துலதான் வந்து நிக்கும், வேனுக்கு நிக்கறப்ப வாளியைச் செவுத்து மேலதான் வைப்பா. வேன் ஏழு மணிக்கே போயாச்சு, நான் கெளம்பினது எட்டரைக்கு மேல. வேன் போன பிறகும் வாளி இருக்குன்னா என்ன அர்த்தம்? அவ ஏறல. கடைசி நேரத்துல இடுப்பைப் பிடிச்சுக்கிட்டு, நீ போ வேலு, என்னால முடியலன்னு திரும்பியிருப்பா. வாளியை உள்ள எடுத்து வைக்கச் சோம்பல், அவளுக்கா இல்ல சோம்பல். மஞ்சத் துணி சுத்தின வாளி, கண்ணுக்குள்ளயே நிக்குது. செல்வக்கனி வாளிக்குத் துணி சுத்த மாட்டாளே. இன்னைக்குச் சுத்தியிருப்பா. குழம்பு ஒழுகுதுன்னு சுத்தியிருப்பா. நேத்து பாத்த வாளியை இன்னைக்குப் பாத்ததா நினைக்கறேனா? இல்ல, இன்னைக்குத்தான், வாளி மேல ஒரு காக்கா உக்காரப் பாத்துச்சு, நான் சூன்னு விரட்டினேன். வாளிக்கு முன்னால நின்னுதான் விரட்டினேன். உள்ள எட்டிப் பாத்து, ஏ கனி, வாளியை வெயில்ல வச்சிருக்கியேன்னு ஒரு குரல் குடுக்க எனக்கு வாய் இல்லாம போச்சே. பஸ்ஸுக்கு நேரமாச்சு. பெரிய பஸ்ஸு.

ஃபேன் நின்னு போச்சு. கரன்ட்டை அமத்திட்டான். சத்தம் கேட்டா அந்த லைனை அமத்துவான், அதுல நம்ம ஸ்கூலும் சேர்ந்து போகும். ஃபேன் நின்னதும் வெளிய இருக்கறது எல்லாம் உள்ள வருது. தூரத்துல ஆம்புலன்ஸ். ஒண்ணு. இல்ல, பின்னாலயே இன்னொண்ணு. காத்துல லேசா மருந்து வாசனை, தீபாவளி மறுநாள் காலையில தெருவுல வருமே, அந்த வாசனை. மூணாவது பெஞ்சுல ஒருத்தி வாயைப் பொத்திக்கிட்டு அழ ஆரம்பிச்சுட்டா, பக்கத்துல இருக்கிறவ அவ முதுகைத் தடவிக்கிட்டே போர்டுல இருக்கறதை நோட்டுல எழுதறா. சரி, அடுத்த செண்டன்ஸ், எல்லாரும் கவனிங்க. என்ன செண்டன்ஸ்? ஹியரிங் தி, சீ, அது வேண்டாம். டு ஸேவ் ஹர், ஐயோ, அதுவும் வேண்டாம். இருபது வருஷமா நடத்தற பாடத்துல ஒரு நல்ல செண்டன்ஸ்கூட இல்லையா? ஸ்விம்மிங் இஸ் எ குட் எக்ஸர்ஸைஸ். எழுதிட்டேன். நீச்சல் நல்ல உடற்பயிற்சி. இந்த ஊர்ல குடிக்கவே தண்ணி லாரியில வருது, நீச்சலாம். டீச்சர், ஒரு டவுட்டு. முனீஸ்வரி எழுந்து நிக்கறா. சொல்லு. மெயின் கிளாஸ்ல பேர்ட்ஸ்னு இருக்கு, வெர்பல் கிளாஸ்ல யாருன்னே போடல, முடிச்சது யாருன்னு அங்கயே போட்டா என்ன டீச்சர்? பெஞ்சோட ஓரத்தைப் பிடிச்சுக்கிட்டேதான் கேக்கறா. அங்க போட மாட்டாங்கம்மா. நடந்தது மட்டும் முதல்ல வரும். யாருன்னு பின்னாலதான் வரும். அது வரைக்கும்? அது வரைக்கும் படிச்சுக்கிட்டே போகணும். சரி டீச்சர். உக்காரு. உக்காந்துட்டா. பதில் சரிதான், பரீட்சையில எழுதினா மார்க் உண்டு. இருபது வருஷமா இதை வாயால நடத்தியிருக்கேன், இன்னைக்குத்தான் எனக்கே புரியுதுன்னா வெக்கமா இருக்கு, நடந்தது முதல்ல வந்து நடுவுல நிக்கும், யாருக்குன்னு தெரியாமலே நிக்கும். அவளுக்கும் புரிஞ்சு போச்சு. டவுட்டு கேக்கறதுக்கா எழுந்தா அவ, எதையாவது பிடிச்சுக்கிட்டு நிக்கணும் அவளுக்கு, என்னையப் பிடிச்சுக்கிட்டா. நான் எதைப் பிடிக்க.

செருப்புச் சத்தம். வராந்தாவுல குருவம்மா செருப்பு, இடது காலை இழுத்து இழுத்து வைப்பா, வேற யாருக்கும் அந்த நடை கெடையாது. இந்தப் பக்கம்தான் வருது. என் கை எழுதிக்கிட்டே இருக்கு, ஸ்விம்மிங்கையே ரெண்டாவது தடவை எழுதறேன். நம்ம வாசலைத் தாண்டிப் போகுது. தாண்டிருச்சு. பக்கத்து வகுப்புல நின்னுச்சு. ஏதோ ஒரு பேரு, சரியாக் கேக்கல, அப்புறம் தெளிவாக் கேக்குது, பையை வச்சிட்டு வா. எங்க வகுப்பு மொத்தமும் ஒரே நேரத்துல மூச்சை விடுது. காயம்தான். பாத்தியா, காயம்தான். அப்ப இன்னைக்குக் காயத்தோட போச்சு. கடவுளே, அப்படியே இருக்கட்டும். இல்லன்னா, இல்லன்னா வேற யாராவதா இருக்கட்டும். ஐயோ, என்ன சொல்லிட்டேன் நான். வேற யாராவதுன்னா யாரு, இங்க உக்காந்திருக்காளுங்களே, இதுல எவ அம்மாவாவதுன்னு கேக்கறேனா நான். ஆமா, அப்படித்தான் கேக்கறேன். முதல் பெஞ்சுப் பிள்ளையோட கொலுசு, அடுத்தவளோட கிழிஞ்ச பை வாரு, எல்லாத்தையும் பாத்துக்கிட்டே கேக்கறேன், என் தங்கச்சி வேண்டாம், எவளா இருந்தாலும் சரி. முனீஸ்வரி அம்மா மட்டும் வேண்டாம்னு அவளுக்காகவும் வேண்டிக்கறேன், அது அவளுக்காக இல்ல, வேலுத்தாய் தப்பினா என் கனியும் தப்பின மாதிரி. ஒரே சாக்குலதானே ரெண்டு பேரும் உக்காருவாளுங்க. வேலுத்தாய் போயிருப்பா, அதுல சந்தேகம் இல்ல, அவ லீவே போட மாட்டா. ஆனா கனி போகலையே. வாளி செவுத்து மேல இருந்துச்சே. அப்ப வேலுத்தாய்க்கு ஒண்ணு ஆனாக்கூட கனிக்கு, சீ, இப்படியும் ஒரு மனசு இருக்குமா, ரெண்டாவது பெஞ்சுல அந்தப் பிள்ளை என்னையவே பாத்துக்கிட்டு உக்காந்திருக்கு, நான் அவ அம்மாவை ஒரு பக்கம், என் தங்கச்சியை ஒரு பக்கம்னு பிரிச்சு வச்சுக்கிட்டு நிக்கறேன். அந்த மஞ்சத் துணி சுத்தின வாளியை விட்டா எனக்கு வேற ஒண்ணுமில்ல. அதை விடவும் மாட்டேன்.

இந்நேரம் பெல் அடிச்சு அடுத்த பீரியடே பாதி போயிருக்கணும். கணக்கு டீச்சர் அவங்க நிக்கற வகுப்புல அவங்க நிப்பாங்க, பக்கத்து வகுப்புல அவங்க குரல் ஏதோ ஃபார்முலாவைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கிட்டு இருக்கு. எனக்குச் சொல்றதுக்கு ஒண்ணும் மிச்சம் இல்ல. ரீட் தி எக்ஸாம்பிள்ஸ் எகெய்ன்னு சொல்றேன். எல்லாரும் சேர்ந்து வாசிக்கறாளுங்க, ஹேவிங் ஃபினிஷ்ட் தேர் ஒர்க், தி பேர்ட்ஸ் வென்ட் ஹோம், கோயில்ல போத்தி மந்திரம் சொல்றதைத் திருப்பிச் சொல்ற மாதிரி ஒரே குரலா. இன்னொரு தடவை. இன்னொரு தடவை. இந்தச் சத்தத்துல செருப்புச் சத்தம் எனக்குக் கேக்கல. குருவம்மா வாசல்ல நிக்கறா. எவ்வளவு நேரமா நிக்கறாளோ. வாசிக்கறது முன் பெஞ்சுல இருந்து பின் பெஞ்சு வரைக்கும் ஒவ்வொருத்தியா நின்னு, கடைசியில ஒருத்தி மட்டும் வென்ட் ஹோம்னு சொல்லி அவளும் நின்னுட்டா. குருவம்மா என்னையப் பாக்கல. எப்பவும் வாசல்ல வந்ததும் டீச்சர்னு ஒரு வார்த்தை என்கிட்ட கேட்டுட்டுத்தான் பிள்ளையைக் கூப்பிடுவா, அது பழக்கம். இன்னைக்குக் கேக்கல. தரையைப் பாத்துக்கிட்டே சொல்றா.

"முனீஸ்வரி. பையை எடுத்துட்டு வா தாயி."

முனீஸ்வரி அழல. நோட்டை மூடறா, பேனாவுக்கு மூடி போடறா, டப்பாவைப் பைக்குள்ள வைக்கறா, ஒண்ணொண்ணா. போடி, சீக்கிரம் போயிருடி, நீ நின்னா என்னால இங்க நிக்க முடியல. வாளி செவுத்து மேல இருந்துச்சு. கனி போகல. பாவம் வேலுத்தாய், பாவம், ஆனா கனி போகல, வாளி இருந்துச்சு, நான் காக்காவை விரட்டினேன். முனீஸ்வரி பையைத் தோள்ல மாட்டிக்கிட்டு குனிஞ்சு பெஞ்சுக்கடியில இருந்து இன்னொண்ணையும் எடுக்கறா. சோத்து வாளி. மஞ்சத் துணி சுத்தியிருக்கு.

"இது ஏதுடி?" என் வாய்தான் கேக்குது.

"எங்கம்மாவோடது டீச்சர். வேன் ஏறுற அவசரத்துல கனி சித்தி வீட்டுச் செவுத்து மேலயே மறந்து வச்சுட்டுப் போயிருச்சு. ஸ்கூலுக்கு வாரப்ப பாத்து எடுத்தேன்."

"உங்கம்மா மட்டுமா போச்சு?"

அவ என்னையப் பாக்கறா. பதினாறு வயசுப் பிள்ளை, என்னையப் பாத்து அவளுக்குப் பாவமா இருக்கு.

"ரெண்டு பேரும்தான் ஏறினாங்க டீச்சர். நான்தான் டாட்டா காட்டினேன். சோறு இல்லன்னாலும் சித்தி சோத்துல பங்கு போட்டுத் தின்னுக்கிடும்னுதான் நான் பேசாம இருந்துட்டேன்."

சாக்பீஸை மேஜையில வைக்கறேன். கை எல்லாம் வெள்ளை, புடவையில தொடைக்கறேன். டஸ்டருக்குப் பக்கத்துல என் ஹேண்ட்பேக் இருக்கு. காலையில உள்ள வச்ச சட்னி டப்பா, கண்ணாடிக் கூடு, குடை. எடுத்துத் தோள்ல மாட்டிக்கறேன். பிள்ளைங்க எல்லாரும் பாத்துக்கிட்டு இருக்காங்க, பாக்கட்டும். வாசல் வரைக்கும் நடந்து போறேன், முனீஸ்வரி எனக்கு முன்னால போயி நின்னு எனக்கு வழி விடறா. குருவம்மா இப்பத்தான் தலையைத் தூக்கறா. என் தோள்ல இருக்கிற பையைப் பாக்கறா. வச்சிட்டு வாங்க டீச்சர்னு அவ சொல்லல.